தடுப்பூசி எதைத் தடுக்கிறது? வேலைத்தலக் கட்டுப்பாடுகளும் நமது நிலைபாடும்

(2022 ஜூன் மாதம் நடைபெற்ற கட்சி வகுப்பு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கடந்த மே 2ஆம் நாள் ஜேக்கப் புளியேல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. எவரையும் அவரது விருப்பத்துக்கு மாறாகத் தடுப்பூசி செலுத்திக்கொள்ளுமாறு வற்புறுத்த முடியாது என்று நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் ஆகியோர் அடங்கிய அமர்வு கூறியது. ஊசி செலுத்திக்கொள்ளாதவர்கள் மீது மாநில அரசுகளும் தனியார் நிறுவனங்களும் விதித்துள்ள கட்டுப்பாடுகள், இன்றைய நிலையில், அடைய விரும்பும் நோக்கத்துக்கு ஏற்ற அளவினவல்ல என்றும் கூறியது.

இத்தீர்ப்பு வெளிவந்த நாள்முதல் நமது தோழர்களிடையே இருவகைக் கருத்துகளைக் கேட்டு வருகிறேன். 'இது அறிவியலுக்கு விழுந்த அடி, தடுப்பூசி எதிர்ப்பாளர்களுக்குக் கிடைத்த பரிசு' என்பது ஒன்று. 'ஊசியால் பரவல் குறையவில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது, அப்படியானால் நாம் ஊர் ஊராகச் சென்று பேசியதெல்லாம் வீணா?' என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தீர்ப்பையும் சரியாகப் படிக்கவில்லை, சான்றுகளையும் சரியாகப் படிக்கவில்லை என்பதே என் கருத்து.

இது ஏட்டில் பேசித் தீர்க்கும் வினா அன்று. சான்றிதழ் இல்லை என்று ஆலை வாயிலில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி திருப்பி அனுப்பப்படுகிறார். அவரது அன்றைய கூலி போகிறது, நாளைய வேலையும் உறுதியில்லை. அவ்விடத்தில் தொழிற்சங்கம் என்ன சொல்ல வேண்டும்? 'நாங்கள் அறிவியலின் பக்கம்' என்று கூறி ஒதுங்கிக்கொள்ள முடியுமா? 'உடல் அவருடையது, முடிவும் அவருடையது' என்று மட்டும் கூறி முடித்துக்கொள்ள முடியுமா? அவருக்கு அருகிலேயே நின்று வேலை செய்பவரும் தொழிலாளிதான். அவருக்கு நீரிழிவு இருக்கலாம், வீட்டில் மூச்சுத்திணறும் முதிய தாய் இருக்கலாம். இருவரும் நம்மவர்கள். ஆகவே இரண்டு அளவுகளை நாம் அறிந்தாக வேண்டும். தடுப்பூசி பரவலை எவ்வளவு குறைக்கிறது என்பது ஒன்று. அந்த அளவுக்கு எவ்வளவு கட்டுப்பாடு தகும் என்பது மற்றொன்று.

ஒரு சொல்லுக்குள் நான்கு கூற்றுகள்

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நம் முன்னோர் 'அம்மை குத்துதல்' என்றனர். அது செயலை மட்டும் குறித்த பெயர். பிற்காலத்தில் வந்த 'தடுப்பூசி' என்பது பயனையும் சேர்த்துச் சொல்கிறது. 'தடு' என்பது செயப்படுபொருள் குன்றாத வினை. எதைத் தடுக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் அதன் பொருள் நிறைவு பெறாது. பெருந்தொற்றுக் காலத்து அறிக்கைகளைத் தமிழாக்கும் பணியில் இந்தக் கேள்வி பக்கத்துக்குப் பக்கம் எழுந்தது. ஏனெனில் அவ்வறிக்கைகளில் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல் நான்கு வெவ்வேறு பொருள்களில் வந்தது.

வைரஸ் உடலுக்குள் தொற்றுவதைத் தடுப்பது முதற்பொருள். தொற்றிய பின் நோய் முற்றுவதைத் தடுப்பது இரண்டாம் பொருள். இறப்பைத் தடுப்பது மூன்றாம் பொருள். ஒருவரிடமிருந்து பிறருக்குப் பரவுவதைத் தடுப்பது நான்காம் பொருள். அரசு விளம்பரங்களும் ஆலை அறிவிப்புப் பலகைகளும் இந்நான்கையும் ஒன்றாகக் குழைத்துப் பேசின. தன்னைக் காத்துக்கொள்ள ஊசி செலுத்திக்கொள் என்பதற்கு முதல் மூன்று பொருள்களும் போதும். ஆனால் 'நீ ஊசி செலுத்திக்கொள்ளாவிட்டால் பிறருக்கு ஆபத்து, ஆகவே உள்ளே வராதே' என்று சொல்ல நான்காம் பொருள் மெய்ப்பிக்கப்பட வேண்டும். முன்னவற்றுக்கு உரிய சான்றைக் காட்டிப் பின்னதை நிறுவ முடியாது.

சான்றுகள் கூறுவது

தமிழ்நாட்டுக் காவல்துறையினர் 1,17,524 பேரிடம் 2021 ஏப்ரல் நடுப்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை நிகழ்ந்த இறப்புகள் ஆராயப்பட்டன. ஊசி செலுத்திக்கொள்ளாத 17,059 பேரில் 20 பேர் இறந்தனர். ஒரு தவணை பெற்ற 32,792 பேரில் 7 பேர் இறந்தனர். இரு தவணையும் பெற்ற 67,673 பேரில் 4 பேர் இறந்தனர். இறப்பைத் தடுப்பதில் ஒரு தவணைக்கு 82 விழுக்காடும் இரு தவணைக்கு 95 விழுக்காடும் பலன் இருந்தது. இதற்கு மேலும் தடுப்பூசி பயனற்றது என்று ஒருவர் கூறுவாராயின், அந்தக் காவலர்களின் கணக்கை அவர் முன் வைப்போம்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி தன் ஊழியர்களிடையே நடத்திய ஆய்வு இன்னும் ஒரு படி உதவுகிறது. அது ஒரு வேலைத்தலத்தைப் பற்றிய ஆய்வு, அதுவும் இரண்டாம் அலையின் உச்சத்தில் நடந்தது. இரு தவணை பெற்றவர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர நேர்வதிலிருந்து 94 விழுக்காடு பாதுகாப்பு இருந்தது. ஆக்சிஜன் தேவைப்படுவதிலிருந்து 92 விழுக்காடும், மருத்துவமனையில் சேர்வதிலிருந்து 77 விழுக்காடும் பாதுகாப்பு இருந்தது. தொற்றிலிருந்து கிடைத்த பாதுகாப்போ 65 விழுக்காடு. நோயின் கடுமை ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறுகிறது. கீழ்ப்படியாகிய தொற்றில்தான் அது மிகக் குறைவு.

இதற்குக் காரணம் உண்டு. தோளில் செலுத்தும் ஊசி, குருதியில் எதிர்ப்புரதங்களையும் வைரஸை நினைவில் கொள்ளும் உயிரணுக்களையும் உருவாக்குகிறது. ஆனால் வைரஸ் முதலில் குடியேறுவது மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரச்சவ்வில். அங்கு இந்த எதிர்ப்புரதங்கள் குறைவாகவே சென்று சேர்கின்றன. எனவே உடலின் நினைவு விழித்தெழுவதற்குள் வைரஸ் சில நாள் பெருகிவிடுகிறது. நுரையீரலை எட்டும்போது உடல் எழுந்து அதை மறிக்கிறது. எதிர்ப்புரதங்கள் சில மாதங்களில் குறைகின்றன, நினைவணுக்கள் நெடுநாள் நிலைக்கின்றன. ஆகவே தொற்றுக்கு எதிரான காப்பு விரைவில் தேய்கிறது, சாவுக்கு எதிரான காப்பு நீடிக்கிறது.

இனிப் பரவலுக்கு வருவோம். தொற்றே ஏற்படாதவர் பிறருக்குப் பரப்ப முடியாது. எனவே தொற்று குறையும் அளவுக்குப் பரவலும் குறையும். இது முதற்கூறு. தொற்றுக்கு ஆளான பின், ஊசி பெற்றவர் பெறாதவரைக் காட்டிலும் குறைவாகப் பரப்புகிறாரா என்பது இரண்டாம் கூறு.

டெல்டா வருவதற்கு முன் இங்கிலாந்தின் வீடுகளில் நடத்தப்பட்ட ஆய்வில், ஒரு தவணை பெற்றபின் தொற்றுக்கு ஆளானவரிடமிருந்து வீட்டாருக்குப் பரவும் வாய்ப்பு 40 முதல் 50 விழுக்காடு வரை குறைவாக இருந்தது. பின்னர் அந்நாட்டில் நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, ஆல்ஃபாவையும் டெல்டாவையும் ஒப்பிட்டது. ஆல்ஃபா வகையில் ஃபைசர் ஊசி இரு தவணை பெற்றவரிடமிருந்து பரவல் 68 விழுக்காடு குறைந்தது. நம் நாட்டில் கோவிஷீல்டு எனப்படும் அஸ்ட்ராஜெனெகா ஊசிக்கு அது 52 விழுக்காடு. டெல்டா வந்தபோது அவை முறையே 50 ஆகவும் 24 ஆகவும் இறங்கின. வாரங்கள் செல்லச் செல்ல அந்தப் பலனும் தேய்ந்தது.

பிரிட்டனில் டெல்டா காலத்தில் வீடுகளில் நடந்த இன்னோர் ஆய்வில், நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களில் ஊசி பெற்றோர் 25 விழுக்காட்டினரும் பெறாதோர் 38 விழுக்காட்டினரும் தொற்றுக்கு ஆளாயினர். ஊசி தன்னைப் பெற்றவரைக் காத்தது. ஆனால் வீட்டுக்குள் நோயைக் கொண்டுவந்தவர் ஊசி பெற்றவராயினும் பெறாதவராயினும், அவரிடமிருந்து ஏறத்தாழ ஒரே அளவில்தான் பரவியது. உடலில் வைரஸின் உச்ச அளவும் இருவருக்கும் ஒத்திருந்தது. ஊசி பெற்றவரிடம் அது விரைவாக இறங்கியது என்பதே வேறுபாடு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து பார்ன்ஸ்டபிள் வட்டாரத்தில் 2021 ஜூலையில் கண்டறியப்பட்ட 469 தொற்றுகளில் 74 விழுக்காடு முழுமையாக ஊசி பெற்றவர்களிடம் இருந்தது. இந்த எண்ணைத் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் கொண்டாடினார்கள். ஊரில் பெரும்பாலோர் குடை பிடித்துச் சென்றால் நனைந்தவர்களிலும் குடை பிடித்தவர்களே மிகுதியாக இருப்பர், அதனால் குடை பயனற்றதாகிவிடாது. ஆயினும் ஊசி பெற்றவர்கள் மட்டுமே கூடினாலும் பரவல் நிகழும் என்பதை அவ்வெண் உறுதியாகக் காட்டியது. 2021 நவம்பர் இறுதியில் ஓமிக்ரான் வந்தது. தொற்றுக்கு எதிராக இரு தவணைகளின் பலன் மேலும் சரிந்தது. இவ்வாண்டு ஜனவரியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளானபோது அவர்களில் இரு தவணை பெற்றவர்கள் ஏராளம். ஆனால் முந்தைய ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களில் நாம் கண்ட சுடுகாட்டு வரிசைகள் மீண்டும் வரவில்லை.

ஆகவே தடுப்பூசி பரவலைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்ற ஒற்றைச் சொல்லும் தவறு, 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லும் தவறு. ஓரளவு குறைக்கிறது, சில மாதங்களுக்குக் குறைக்கிறது, வைரஸ் உருமாற உருமாறக் குறைவாகவே குறைக்கிறது. ஆய்வுக்கு ஆய்வு அளவு மாறுகிறது, திசை மாறவில்லை.

ஆணை வந்த நாளும் ஊசி வந்த நாளும்

இப்போது கட்டுப்பாடுகளைப் பார்ப்போம். அவை எந்தக் காலத்தில், எந்தச் சூழலில் பிறந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

2021 மே 1 முதல் ஒன்றிய அரசு 'தாராளமயமாக்கப்பட்ட' தடுப்பூசிக் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. உற்பத்தியில் பாதி ஒன்றிய அரசுக்கு, கால்பங்கு மாநிலங்களுக்கு, கால்பங்கு தனியார் மருத்துவமனைகளுக்கு என்று பிரித்தது. 18 முதல் 44 வயது வரையிலான உழைக்கும் தலைமுறையைத் தன் இலவசத் திட்டத்திலிருந்து வெளியே நிறுத்தியது. கோவிஷீல்டு மாநிலங்களுக்கு 300 ரூபாய், தனியாருக்கு 600 ரூபாய். கோவாக்சின் 400 ரூபாய், 1,200 ரூபாய். இக்கொள்கை முதல் நோக்கிலேயே தன்னிச்சையானது, அறிவுக்குப் பொருந்தாதது என்று மே 31 அன்று உச்ச நீதிமன்றம் கூறிய பின்னரே மாற்றம் வந்தது. 18 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் ஒன்றிய அரசின் இலவச ஊசி கிடைக்கத் தொடங்கியது ஜூன் 21 அன்று.

அதற்கு முன்னரே மேகாலயாவில் மாவட்ட நிர்வாகங்கள் ஆணையிட்டுவிட்டன. கடைக்காரர்களும் தெரு வணிகர்களும் உள்ளூர் வாடகை வண்டி ஓட்டுநர்களும் ஊசி செலுத்திக்கொண்ட பின்னரே தொழிலைத் தொடங்க வேண்டும் என்பது ஆணை. வற்புறுத்தித் தடுப்பூசி செலுத்துவது தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அம்மாநில உயர் நீதிமன்றம் ஜூன் 23 அன்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், கடைகளிலும் வண்டிகளிலும் பணியாற்றுவோர் ஊசி பெற்றவர்களா என்பதைப் பொதுமக்கள் அறியும்படி அறிவிப்பு வைக்க வேண்டும் என்றும் கூறியது. பிழைப்பைப் பறிக்காத ஒரு வழியை அந்நீதிமன்றம் தேடியது.

அருணாசலப் பிரதேசத்தில் ஜூன் 30 அன்று ஓர் ஆணை பிறந்தது. வளர்ச்சிப் பணிகளுக்காக வெளியிலிருந்து வரும் தொழிலாளர்களுக்கு, ஊசி செலுத்திக்கொண்டிருந்தால் மட்டுமே தற்காலிக நுழைவு அனுமதி. இலவச ஊசி தொடங்கி ஒன்பதே நாள் ஆகியிருந்தது. குவஹாத்தி உயர் நீதிமன்றத்தின் இட்டாநகர் அமர்வு ஜூலை 19 அன்று அதை நிறுத்திவைத்தது. ஊசி பெற்றவருக்குத் தொற்று வராது, அவர் பிறருக்குப் பரப்பமாட்டார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லாத நிலையில், மக்களை இரு கூறாகப் பிரிப்பதற்கும் பரவலைத் தடுக்கும் நோக்கத்துக்கும் தொடர்பில்லை என்று அந்நீதிமன்றம் கண்டது.

மும்பையில் ஆகஸ்ட் 15 முதல், இரு தவணையும் பெற்று 14 நாள் கடந்தவர்களுக்குப் புறநகர் ரயில் திறந்துவிடப்பட்டது. இங்கு எளிய கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். இலவச ஊசி தொடங்கிய ஜூன் 21 அன்றே ஓர் இளம் தொழிலாளி வரிசையில் நின்று கோவிஷீல்டு முதல் தவணை பெற்றார் என வைத்துக்கொள்வோம். இரண்டு தவணைகளுக்கு இடையே குறைந்தது 12 வாரம் இருக்க வேண்டும் என்பது அரசு வகுத்த விதி. அவருக்கு இரண்டாம் தவணை செப்டம்பர் 13. அதன்மேல் 14 நாள் சேர்த்தால் செப்டம்பர் 27. ஊசிக்கு முழு விருப்பத்தோடு முதல் நாளே வந்து நின்றவர்கூட, அரசின் விதிகளையெல்லாம் கடைப்பிடித்த குற்றத்துக்காக, ஆறு வாரம் ரயிலுக்கு வெளியே நிற்க வேண்டும். முன்னதாகவே விலை கொடுத்து ஊசி பெற முடிந்தவர் அவருக்கு முன் ஏறிச் செல்வார். தோழர்களே, இந்தக் கட்டுப்பாடு ஊசி பெற்றவரையும் பெறாதவரையும் மட்டும் பிரிக்கவில்லை. பணம் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தது.

தீர்ப்பு கூறியதும் கூறாததும்

இனி மே 2ஆம் நாள் தீர்ப்பை மீண்டும் எடுத்துக்கொள்வோம். தடுப்பூசி பயனற்றது என்று அத்தீர்ப்பு கூறவில்லை. அரசின் தடுப்பூசிக் கொள்கை காரணமற்றதென்றும் கூறவில்லை. ஊசியை மறுக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்றது. அதே வேளையில் பொதுநலனுக்காக அவ்வுரிமைக்கு வரம்பு விதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றும் ஏற்றது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் வகுத்த மூன்று சோதனைகளில் அந்த வரம்பு தேற வேண்டும். அதற்குச் சட்டத்தின் அடிப்படை வேண்டும், முறையான பொதுநோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும்.

வேலைத்தலக் கட்டுப்பாடுகள் தோற்றது மூன்றாம் சோதனையில்தான். ஏன் தோற்றன? ஊசி பெறாதவரிடமிருந்து பரவும் ஆபத்து, பெற்றவரிடமிருந்து பரவும் ஆபத்துக்கு ஏறத்தாழ நிகரானது என்று மனுதாரர் ஆவணங்களை முன்வைத்தார். அதை மறுக்கும் தரவு எதையும் ஒன்றிய அரசும் வைக்கவில்லை, வழக்கில் வந்து நின்ற தமிழ்நாடு, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், தில்லி அரசுகளும் வைக்கவில்லை. தொற்று குறைவாக இருக்கும் வரை கட்டுப்பாடுகளை மறுஆய்வு செய்யுமாறு நீதிமன்றம் கூறியது. நிலைமை மாறினால் தக்க நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தைத் தொடவில்லை. ஆய்வுத் தரவுகளை வெளியிட வேண்டும் என்றும், ஊசிக்குப் பின் ஏற்படும் பாதிப்புகளைத் தனிநபர்களும் தனியார் மருத்துவர்களும் தெரிவிக்க வழி செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது.

இதில் அறிவியலுக்கு விழுந்த அடி எங்கே இருக்கிறது? தரவைத் திறந்து வைக்காததில் இருக்கிறது. இறப்பைத் தடுப்பதில் ஒரு தவணைக்கு 96.6 விழுக்காடும் இரு தவணைக்கு 97.5 விழுக்காடும் பலன் உண்டு என்று 2021 செப்டம்பரில் ஒன்றிய அரசு பெருமையோடு அறிவித்தது. பரவலைப் பற்றி அப்படியோர் எண்ணை நீதிமன்றத்தின் முன் வைக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரலிலேயே நூற்றுக்கணக்கான இந்திய அறிவியலாளர்கள் தொற்றுத் தரவுகளை ஆய்வுக்குத் திறந்துவிடுமாறு பிரதமரிடம் வேண்டியிருந்தனர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒப்புதலின்றி எவருக்கும் ஊசி செலுத்தும் திட்டமில்லை, எந்த நோக்கத்துக்கும் சான்றிதழைக் கட்டாயமாக்கவில்லை என்று இவ்வாண்டு ஜனவரியில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் உறுதிமொழி தாக்கல் செய்தது. மேலே விருப்பம் என்றார்கள், வாயிலில் சான்றிதழ் இல்லையேல் வேலையில்லை என்றார்கள். கட்டாயம் என்று எவரும் ஒப்புக்கொள்ளாததால், கட்டாயப்படுத்துபவர் ஏற்க வேண்டிய பொறுப்புகளையும் எவரும் ஏற்கவில்லை.

காற்று யாருடைய பொறுப்பு?

இந்த வைரஸ் காற்றின் வழியே பரவுகிறது. தொழிலாளியின் உடல் தொழிலாளிக்கு உரியது, ஆனால் ஆலைக்குள் இருக்கும் காற்று நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 13ஆம் பிரிவில் காற்றோட்டத்தைக் கட்டாயமாக்குகிறது. 16ஆம் பிரிவில், ஒவ்வொரு தொழிலாளிக்கும் குறைந்தது 14.2 கன மீட்டர் இடம் இருக்க வேண்டும் என்கிறது. தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேல் உள்ள வெளியை அக்கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2020இல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்ட பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, இந்த அளவைச் சட்டத்திலிருந்து எடுத்து, அரசு பின்னர் வகுக்கும் விதிகளுக்கு விட்டுவிட்டது. சான்றிதழ் கேட்ட நிர்வாகங்களில் எத்தனை, தம் கூடத்தின் கன அளவை அளந்து பார்த்தன? சன்னல் திறக்கப் பணம் வேண்டும், காற்றை வெளியேற்றும் விசிறி மாட்டப் பணம் வேண்டும், வேலைமுறைகளைப் பிரித்து நெரிசலைக் குறைக்கவும் பணம் வேண்டும். சான்றிதழ் கேட்கச் செலவில்லை.

காய்ச்சல் கண்ட தொழிலாளி வீட்டில் இருக்க வேண்டும் என்பது பரவலைத் தடுக்கும் முதல் விதி. அதற்கு ஊதியம் வேண்டும். இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவி ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்பட்டவர்கள் அதற்குள் வரமாட்டார்கள். பதிவு செய்யப்படாத ஒப்பந்தத் தொழிலாளர்களும் அன்றாடக் கூலிகளும் வெளியே நிற்கிறார்கள். ஒருநாள் வராவிட்டால் ஒருநாள் கூலி இல்லை என்ற நிலையில் இருப்பவர் காய்ச்சலோடு வருவார். ஊசி செலுத்திக்கொண்டவரும் வருவார். சொல்லப்போனால் அவருக்கு நோய் இலேசாக இருப்பதால் வேலைக்கு வருவது இன்னும் எளிது. கையில் சான்றிதழ், சட்டைப்பையில் காய்ச்சல் மாத்திரை, வாயிலில் தடையில்லா அனுமதி. நோய்க்கால ஊதியம் இல்லாத இடத்தில் சான்றிதழ்க் கட்டுப்பாடு பரவலைத் தடுக்காது, மறைக்கவே செய்யும்.

ஊசியைத் தயங்கியவர்கள் எல்லாரும் வதந்தியை நம்பியவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஊசிக்கு மறுநாள் காய்ச்சல் வரும், கூலி போகும் என்று அஞ்சியவர்கள் பலர். அந்த அச்சத்துக்கு மருந்து, ஊசிநாளுக்கும் மறுநாளுக்கும் ஊதியத்துடன் கூடிய விடுப்பு.

எழக்கூடிய மறுப்புகள்

1919 ஏப்ரலில் சோவியத் அரசு பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது, அவ்வாணையில் லெனின் கையெழுத்திட்டார், அப்படியிருக்க நாம் எப்படிக் கட்டாயத்தை எதிர்க்க முடியும் என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. கட்டாயம் என்ற ஒன்றையே நாம் கோட்பாடாக எதிர்க்கவில்லை. பெரியம்மை, பிடித்தவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவரைக் கொன்றது. அதன் தடுப்பூசி தொற்றையே மறித்தது, பல ஆண்டுகள் காத்தது. ஒருவர் செலுத்திக்கொள்வது அடுத்தவருக்கும் அரணாயிற்று. அதனால்தான் அந்நோயை உலகிலிருந்தே ஒழிக்க முடிந்தது. கோவிட் ஊசி அத்தகையதன்று. ஊசியின் தன்மை மாறும்போது கட்டாயத்தின் நியாயமும் மாறும். நாளை மூக்கிலேயே வைரஸை மறிக்கும் ஊசி வந்தால் இந்தக் கணக்கை மீண்டும் போடுவோம். பழைய ஆணையை எடுத்து எல்லா நோய்க்கும் ஒட்டுவது மார்க்சியம் ஆகாது.

மருத்துவமனைகளில் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. புற்றுநோய்ப் பிரிவிலும் முதியோர் இல்லத்திலும் நோயாளியின் முகத்தருகே குனிந்து பணியாற்றுபவரின் நிலை வேறு. அங்கே 24 விழுக்காடு குறைவும் உயிர் காக்கும். அத்தகைய பணிகளுக்கு ஊசியை நிபந்தனையாக்குவதை நாம் ஏற்கலாம். ஆனால் ஊசி இலவசமாக, பணிநேரத்தில் தரப்பட வேண்டும். மறுப்பவருக்கு முதலில் மாற்றுப் பணி தரப்பட வேண்டும், பணிநீக்கம் கூடாது. மருத்துவக் காரணமுள்ளவருக்கு விலக்கு வேண்டும். குறித்த காலத்தில் மறுஆய்வு வேண்டும்.

இவ்வாறு பேசினால் தடுப்பூசி எதிர்ப்பாளர்களுக்குத் தீனி கிடைக்காதா என்பது மூன்றாம் கேள்வி. அவர்களுக்குத் தீனி தருவது மிகைப்படுத்தல்தான். 'ஊசி போட்டால் பரவாது' என்று சொல்லி அனுப்பினோம். ஜனவரியில் ஊசி போட்டவர் வீட்டில் அனைவரும் படுத்தனர். அவர் இனி நம் சொல்லை எப்படி நம்புவார்? அந்த நம்பிக்கையிழப்பு கோவிட் ஊசியோடு நின்றுவிடாது. அவர் குழந்தைக்குப் போட வேண்டிய தட்டம்மை ஊசிவரை செல்லும். 'இது உங்களுக்குத் தொற்றே வராமல் செய்யும் என்று உறுதி சொல்ல மாட்டோம், ஆனால் சாவிலிருந்து காக்கும்' என்று சொல்வது உண்மை. அந்த உண்மை போதுமான வலிமை உடையது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, மே 2ஆம் நாள் தீர்ப்புக்குப் பின்னும் எந்த வேலைத்தலங்களில் சான்றிதழ்க் கட்டுப்பாடு நீடிக்கிறது என்று கிளைகள் கண்டறிய வேண்டும். தீர்ப்பைச் சுட்டி அவற்றை விலக்கிக்கொள்ளுமாறு எழுத்து மூலம் கோர வேண்டும். அக்காரணத்தால் வேலையிழந்தவர்களை மீண்டும் பணியில் அமர்த்தவும், இழந்த ஊதியத்தைத் தரவும் வலியுறுத்த வேண்டும்.

இரண்டாவதாக, அதே கடிதத்தில் காற்றோட்டம், ஒருவருக்கு 14.2 கன மீட்டர் இடம், ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் நோய்க்கால ஊதியம், ஊசிநாள் விடுப்பு ஆகியவற்றையும் கோர வேண்டும். கட்டுப்பாட்டை நீக்கு என்று மட்டும் கேட்டுத் திரும்பினால், அருகில் நிற்கும் நீரிழிவு நோயாளித் தொழிலாளியை நாம் கைவிட்டவர்கள் ஆவோம்.

மூன்றாவதாக, ஊக்கத் தவணை. காப்பு சில மாதங்களில் தேய்கிறது என்பது அரசும் ஒப்புக்கொண்ட உண்மை. ஆயினும் ஏப்ரல் 10 முதல் 18 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தொடங்கப்பட்ட முன்னெச்சரிக்கைத் தவணை, 60 வயதுக்குட்பட்ட உழைப்பாளிகளுக்குத் தனியார் மையங்களில் மட்டும், காசுக்கு மட்டும் கிடைக்கிறது. ஊசியின் விலை 225 ரூபாய், சேவைக் கட்டணம் 150 ரூபாய் வரை. நால்வர் உள்ள குடும்பம் என்ன செய்யும்? முதலில் வேலையைப் பறிப்போம் என்று மிரட்டி ஊசி போட்ட அரசமைப்பு, இப்போது அதே ஊசியை விலைக்கு விற்கிறது. இத்தவணை அனைவருக்கும் இலவசமாக்கப்பட வேண்டும். செங்கல்பட்டில் உள்ள எச்.எல்.எல். பயோடெக் வளாகம் போன்ற பொதுத்துறைத் தடுப்பூசி ஆலைகள் பெருந்தொற்றின் நடுவிலும் முடங்கிக் கிடந்தன. அவற்றை இயக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் இதனோடு இணைக்க வேண்டும்.

நான்காவதாக, ஊசி பெறாத தொழிலாளியின் வீட்டுக்கு நாமே செல்ல வேண்டும். அவர் வேலையைக் காக்கப் போராடிய சங்கம் என்ற உரிமையோடு சென்று, காவலர்களின் கணக்கையும் வேலூர்க் கணக்கையும் எடுத்துச் சொல்லி, ஊசி செலுத்திக்கொள்ளுமாறு கேட்க வேண்டும். வாயிலில் நின்று சான்றிதழ் கேட்பவர் சொல்வதைவிட நாம் சொல்வதை அவர் செவிமடுப்பார். அவரை இணங்க வைக்கும் பணி இன்னும் முடியவில்லை, அதைச் செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.